ஷாட்கன் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினால் காசு மிச்சமாகுமா? முழுக் கணக்கும் வழிமுறையும்

அமெரிக்காவில் டிராப், ஸ்கீட், ஸ்போர்ட்டிங் கிளேஸ் என்று களிமண் தட்டு சுடும் விளையாட்டில் இறங்கியவர்களுக்கு ஓராண்டுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. அதற்கு ஒரு பெட்டித் தோட்டா. சனிக்கிழமை காலையில் நான்கு சுற்று சுட்டால் 100 தோட்டா காலி. கிளப்பில் இருக்கும் மூத்தவர்கள் தங்கள் காலி ஓடுகளைக் கவனமாகப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "நாமே நிரப்பினால் பாதி விலைதான்" என்பார்கள்.

அவர்கள் பழகிய காலத்தில் அது உண்மை. இன்று எந்த கேஜ் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே உண்மை. கேஜ் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு; 12, 20, 28 என்று எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், இவற்றில் மிகச் சிறியது .410. 12 கேஜில் கடையின் மலிவு விலைத் தோட்டாவை மட்டும் சுடுகிறவருக்குச் சில சென்ட்தான் மிஞ்சும். 28 கேஜும் .410-உம் சுடுகிறவருக்குப் பாதிக்கு மேல் மிச்சம். நடுவில் இருப்பவர்கள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. விலைகளை 2025 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் நிலவியதை ஒட்டி முழு எண்களாக எடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; முறை மாறாது.

முதலில் சட்டம்

கணக்குக்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் உரிமம் கட்டாயம். நண்பருக்கு நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்குவதும் அந்தக் கணக்கில் வந்துவிடும் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அந்த விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர் பிரஸ் என்கிற தோட்டா நிரப்பும் கருவியை வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். உங்களுக்கு இது வாசிப்புக்கான விஷயம் மட்டும்தான்.

படி 1: தோட்டாவைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு ஷாட்கன் தோட்டாவில் இருப்பது ஐந்தே பொருள். அடியில் பித்தளை அல்லது இரும்புத் தொப்பி போட்ட பிளாஸ்டிக் ஓடு. தொப்பியின் நடுவில், அடிபட்டதும் தீப்பொறி தரும் ப்ரைமர். ஓட்டுக்குள் பவுடர் என்கிற வெடிமருந்து. அதன் மேல் வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஈய ரவை. ஓட்டின் வாயை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடித்து மூடிவிடுகிறார்கள்.

சுட்ட பிறகு ஓடு மட்டும் முழுசாகத் திரும்பி வரும். மற்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். அதனால் "ஓடு சும்மா கிடைக்கிறதே, தோட்டாவும் சும்மா மாதிரிதானே" என்ற நினைப்பு உடனே அடிபட்டுவிடும். செலவில் பெரும்பங்கு ரவையிலும் ப்ரைமரிலும் இருக்கிறது.

படி 2: ஒரு தோட்டாவின் அடக்க விலை

ரவையிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் மற்ற மூன்றையும்விட இதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ரவை 25 பவுண்டு பையாக வரும். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஆக ஒரு பையில் 400 அவுன்ஸ். ஒரு தோட்டாவுக்கு எத்தனை அவுன்ஸ் போடுகிறீர்கள் என்பதை வைத்து ஒரு பை எத்தனை தோட்டாவுக்கு வரும் என்று பார்க்கலாம்:

1⅛ அவுன்ஸ் என்றால் 355 தோட்டா
1 அவுன்ஸ் என்றால் 400
⅞ அவுன்ஸ் என்றால் 457
¾ அவுன்ஸ் என்றால் 533
½ அவுன்ஸ் என்றால் 800

பை 50 டாலர் என்று வைத்தால் 1 அவுன்ஸ் தோட்டாவுக்கு ரவைக்கு மட்டும் 12.5 சென்ட்.

பவுடரைக் கிரெயின் கணக்கில் அளப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 12 கேஜ் தட்டுத் தோட்டாவுக்குச் சுமார் 18 கிரெயின் என்று கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு பவுண்டில் 388 தோட்டா வரும். 8 பவுண்டு டப்பா 220 டாலர் என்றால் தோட்டாவுக்கு 7 சென்ட். அதே பவுடரை ஒற்றைப் பவுண்டு டப்பாவாக 35 டாலருக்கு வாங்கினால் 9 சென்ட்.

ப்ரைமர் ஆயிரம் 80 டாலர் என்றால் ஒன்று 8 சென்ட். வாட் 500 கொண்ட பை 12, 13 டாலருக்குக் கிடைக்கும், அதாவது ஒன்று 2.5 சென்ட். பெரிய பிராண்டுகளின் வாட்டுக்கு ஒப்பாக கிளேபஸ்டர் போன்றவர்கள் செய்யும் வாட் விலை குறைவு, தட்டுக்குத் தாராளமாகப் போதும்.

கூட்டினால் 12.5 + 7 + 8 + 2.5 = 30 சென்ட். ஒரு பெட்டிக்கு 7.50 டாலர்.

படி 3: எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கடையில் 12 கேஜ் தோட்டா இரண்டு தரத்தில் இருக்கும். விளையாட்டுப் பொருள் கடைகளில் குவித்து வைத்திருக்கும் மலிவுத் தோட்டா பெட்டி 9 டாலர் சுமாருக்கு. வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ், ஃபெடரல் கோல்ட் மெடல் போன்ற உயர்தரத் தோட்டா பெட்டி 12 டாலர் சுமாருக்கு. மலிவானதில் ரவை மென்மையான ஈயம். சுடும்போது நசுங்கும், சிதறல் ஒழுங்காக இருக்காது. உயர்தரத்தில் ஆன்டிமணி கூடுதலாகக் கலந்த கெட்டி ரவை, நல்ல ஓடு.

நாம் நிரப்பும் தோட்டா, நல்ல ஓட்டையும் கெட்டி ரவையையும் போட்டால், இரண்டாவது ரகத்துக்குச் சமம். அதோடு ஒப்பிட்டால் பெட்டிக்கு 4.50 டாலர் மிச்சம். மலிவு ரகத்தோடு ஒப்பிட்டால் 1.50 டாலர். இரண்டுமே சரியான கணக்குதான். நிரப்பாமல் இருந்தால் நீங்கள் உண்மையில் எதை வாங்கியிருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. மலிவுத் தோட்டாவைத்தான் வாங்கியிருப்பேன் என்றால் 4.50 டாலர் மிச்சம் என்று மனைவியிடம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சின்ன நுணுக்கம். கடைத் தோட்டா விலைக்குள் மத்திய அரசின் 11 சதவீத வரி ஒளிந்திருக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி தயாரிப்பாளரிடம் வசூலித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். தயாரான தோட்டாவுக்குத்தான் அந்த வரி. தனித்தனியாக வாங்கும் ப்ரைமருக்கும் பவுடருக்கும் இல்லை. நமக்குக் கிடைக்கும் மிச்சத்தில் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது. ஆனால் தொழிற்சாலை ஈயத்தை டன் கணக்கில் வாங்குகிறது, நாம் பையில் வாங்குகிறோம். 12 கேஜில் அந்த 11 சதவீதச் சாதகத்தை மொத்தக் கொள்முதல் விழுங்கிவிடுகிறது.

படி 4: சிறிய கேஜ்களில் கணக்கு தலைகீழ்

ஸ்கீட் ஆட்டத்தில் 12, 20, 28, .410 என்று நான்கு கேஜிலும் தனித்தனிப் போட்டி உண்டு. கேஜ் சிறிதாக ஆக உள்ளே போகும் பொருளும் குறையும். ஆனால் கடை விலை ஏறும், ஏனென்றால் அவற்றை வாங்குபவர்கள் குறைவு, தொழிற்சாலை சிறிய அளவில்தான் செய்கிறது. பொருள் செலவு இறங்கி விலை ஏறும் இந்த இடைவெளியில்தான் நிரப்புபவருக்குக் காசு இருக்கிறது.

20 கேஜ், ⅞ அவுன்ஸ்: ரவை 10.9, பவுடர் 6, ப்ரைமர் 8, வாட் 3. மொத்தம் 28 சென்ட், பெட்டி 7 டாலர். கடையில் மலிவுத் தோட்டா 9, 10 டாலர். இங்கேயும் சுமார்தான்.

28 கேஜ், ¾ அவுன்ஸ்: ரவை 9.4, பவுடர் 5.5, ப்ரைமர் 8, வாட் 3.5. மொத்தம் 26.4 சென்ட், பெட்டி 6.60. கடையில் 15 டாலர். பெட்டிக்கு 8.40 மிச்சம்.

.410, ½ அவுன்ஸ்: ரவை 6.25, பவுடர் 5.5, ப்ரைமர் 8, வாட் 3.5. மொத்தம் 23.25 சென்ட், பெட்டி 5.80. கடையில் 16 டாலர். பெட்டிக்கு 10 டாலருக்கு மேல் மிச்சம்.

ஸ்கீட் கிளப்களில் நிரப்புபவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பதற்கும், 12 கேஜ் மட்டும் சுடும் டிராப் வரிசையில் பழைய பிரஸ்கள் விலைக்கு வருவதற்கும் இதுதான் காரணம்.

தட்டு விளையாட்டுக்கு வெளியேயும் ஒரு இடம் உண்டு. வான்கோழி வேட்டைக்கு டங்ஸ்டன் ரவை போட்ட தோட்டா ஒன்றே பல டாலர். ஈயத்தின் அடர்த்தி சுமார் 11, இந்த டங்ஸ்டன் கலவை 18. அதனால் மிகச் சிறிய ரவையே தூரத்தில் வேலை செய்யும். ஆண்டுக்குப் பத்துத் தோட்டா சுடுகிறவருக்கு இதில் சதவீதக் கணக்கில் நல்ல மிச்சம், டாலர் கணக்கில் அதிகம் இல்லை. நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் அமெரிக்கா முழுக்க ஈயம் தடை. அங்கே மலிவான இரும்பு ரவைத் தோட்டாவைக் கடையில் வாங்குவதே நல்லது. ஈயத்துக்குப் பதிலான பிஸ்மத் ரவையைச் சுட ஆசைப்படுகிறவர் மட்டும் நிரப்புவதைப் பற்றி யோசிக்கலாம்.

படி 5: கருவி முதலீடும் திரும்பி வரும் காலமும்

மிகக் குறைந்த செலவில் தொடங்க லீ லோட்-ஆல் இருக்கிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக். 100 டாலருக்குள் வரும். நிரப்புவது பிடிக்கிறதா என்று பார்க்கப் போதும். அடுத்தது விஸ்கான்சின் மாநிலம் மேவில் ஊரில் செய்யும் மெக் பிரஸ்கள். அதில் 600 ஜூனியர் என்ற ஒற்றைப் படி (ஒரு நேரத்தில் ஒரே தோட்டாவை நிரப்பும்) மாடல் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா வாங்கியதை மகன் இன்றும் ஓட்டுவார், உதிரி பாகம் இன்றும் கிடைக்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் ப்ரோக்ரெசிவ் வகையில் மெக் 9000, போன்ஸ்னஸ் வாரன், ஸ்போலார் என்று விலை ஏறிக்கொண்டே போகும்.

ஒற்றைப் படி பிரஸ், ஒரு நல்ல தராசு, பவுடரை அளக்கும் வளையமான புஷிங் இரண்டு மூன்று எல்லாம் சேர்த்து 350 டாலர் என்று வைப்போம். மலிவு 12 கேஜோடு ஒப்பிட்டால் 350-ஐ 1.50-ஆல் வகுக்க 233 பெட்டி, அதாவது ஏறக்குறைய 5800 தோட்டா சுட்ட பிறகுதான் முதலீடு திரும்பும். உயர்தர 12 கேஜோடு ஒப்பிட்டால் 78 பெட்டி. .410 என்றால் 35 பெட்டி போதும். வாரம் ஒரு பெட்டி சுடுகிறவருக்கு எட்டு ஒன்பது மாதம்.

பழைய பிரஸ் வாங்குவது புத்திசாலித்தனம். இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேயாது, கிளப் அறிவிப்புப் பலகையில் பாதி விலைக்கு வரும். ஆனால் எந்த கேஜுக்கானது என்று பார்த்து வாங்குங்கள். பிரஸ் ஒரு கேஜுக்குத்தான் அமைத்திருக்கும். மாற்றும் பாகங்களுக்குத் தனிச் செலவு, மாற்றிப் பொருத்துவது எரிச்சலான வேலை. நான்கு கேஜும் நிரப்புகிறவர்கள் மேசையில் நான்கு பிரஸ் வரிசையாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் நேரம். ஒற்றைப் படி பிரஸில் பழகிய கை மணிக்கு ஐந்து பெட்டி நிதானமாக நிரப்பும். மலிவு 12 கேஜ் கணக்கில் மணிக்கு 7.50 டாலர் சம்பாதிக்கிறீர்கள். அமெரிக்காவின் மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25. .410-இல் வேகம் குறையும், மணிக்கு நான்கு பெட்டி என்றாலும் 40 டாலர். நிரப்பும் வேலையே பொழுதுபோக்கு என்பவருக்கு நேரத்துக்கு விலை போட வேண்டியதில்லை, ஒத்துக்கொள்கிறேன். வேண்டா வெறுப்பாகச் செய்பவர் கட்டாயம் போட வேண்டும்.

படி 6: பொருள் வாங்கும் முறையில்தான் லாபம்

பவுடரும் ப்ரைமரும் ஆபத்தான சரக்கு என்பதால் ஆன்லைனில் வாங்கினால் ஒவ்வொரு பார்சலுக்கும் தனிக் கட்டணம் உண்டு, 20, 30 டாலர் வரை. அளவு கூடினாலும் குறைந்தாலும் அதே கட்டணம். ஒற்றைப் பவுண்டு பவுடரை 25 டாலர் கட்டணத்தோடு வரவழைத்தால் 388 தோட்டாவுக்கு அதைப் பகிர வேண்டும், தோட்டாவுக்கு 6.4 சென்ட். மலிவு 12 கேஜில் மொத்த மிச்சமே 6 சென்ட்தானே! அதே கட்டணத்தில் 8 பவுண்டு டப்பா வந்தால் தோட்டாவுக்கு ஒரு சென்ட்டுக்கும் கீழே. 5000 ப்ரைமரையும் அதே பார்சலில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ரவையை ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள். கூரியருக்கு ஈயத்தின் எடைக்குக் காசு கொடுப்பீர்கள். கிளப்பில் பத்துப் பேர் சேர்ந்து பெரிய லோடாக இறக்கிப் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம்.

சில இடங்களில் மீட்ட ரவை கிடைக்கும். சுடும் மைதானத்தின் மண்ணைச் சலித்து, கழுவி, கிராஃபைட் பூசி விற்பார்கள். பல அளவு கலந்திருக்கும், ஆனால் தட்டு எறியும் இடத்துக்கு 16 கெஜம் பின்னால் நின்று சுடும் வழக்கமான டிராப் ஆட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. பை 38 டாலருக்குக் கிடைத்தால் ⅞ அவுன்ஸ் 12 கேஜ் தோட்டா 25.8 சென்ட்டுக்கு இறங்கும்.

இந்த ⅞ அவுன்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 12 கேஜில் பணம் மிச்சம் பிடிக்க இருக்கும் ஒரே பெரிய நெம்புகோல் ரவை எடைதான். 1⅛ அவுன்ஸிலிருந்து ⅞-க்கு வந்தால் ரவையில் மட்டும் பெட்டிக்கு 80 சென்ட் குறைகிறது. "தட்டு உடையுமா?" என்று கேட்பார்கள். ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் 24 கிராமுக்கு மேல் அனுமதியே இல்லை. ⅞ அவுன்ஸ் 24.8 கிராம். ஒலிம்பிக் டிராப் தட்டு நம் கிளப் தட்டைவிட வேகமாகவும் தூரமாகவும் பறக்கும். அதையே 24 கிராமில் உடைக்கிறார்கள். தோளில் உதையும் குறையும். நான்கு சுற்று சுட்ட மாலையில் அந்த வித்தியாசம் தெரியும்.

பழைய கையிருப்பு வைத்திருப்பவர்கள் "என் தோட்டா 18 சென்ட்தான்" என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 2003 வாக்கில் லண்டன் சந்தையில் ஈயம் டன் 500 டாலர் சுமார். 2007 அக்டோபரில் 4000 டாலரை நெருங்கியது. அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2020, 2021-இல் ப்ரைமர் கண்ணிலேயே படவில்லை. 2024 தொடக்கத்தில் அலையன்ட் என்ற பவுடர் நிறுவனம் சரக்கு அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. உக்ரைன் போருக்குப் பிறகு உலகம் முழுக்க பவுடரின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஒரு பொருளைத் தீர்த்த பிறகு திரும்ப வாங்க என்ன ஆகுமோ அதுதான் அதன் விலை. பத்தாண்டுக்கு முன் வாங்கிய ரவையை இன்று விற்றால் இன்றைய விலைதானே கிடைக்கும்?

இருந்தாலும் கையிருப்புக்கு ஒரு பலன் உண்டு. கடை அலமாரி காலியாக இருந்த 2021-இல் நிரப்புபவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

படி 7: ஓடு

நல்ல ஓடு இல்லாமல் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது. ரெமிங்டன் எஸ்டிஎஸ், வின்செஸ்டர் ஏஏ இரண்டும் பல முறை தாங்கும். மலிவுத் தோட்டாவின் ஓடு ஓரிரு முறையில் வாய் கிழியும். .410 ஓடு மெல்லியது, சீக்கிரம் சாகும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் சுட்டால் காலி ஓட்டைக் கையிலேயே எடுத்துக்கொள்ளலாம். செமி-ஆட்டோ ஓட்டை வெளியே எறிந்துவிடும், அதை வைத்திருப்பவர் புல்லில் தேட வேண்டும். தரையில் விழுந்த ஓடு கிளப்புக்குச் சொந்தம் என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய கேஜ் நிரப்பத் தீர்மானித்துவிட்டால் முதல் பத்துப் பெட்டியை உயர்தரத் தோட்டாவாகக் கடையில் வாங்கிச் சுட்டுவிடுங்கள். ஓடும் சேர்ந்து வந்துவிடும். பயன்படுத்திய 28, .410 ஓடுகளைத் தனியாக வாங்கப் போனால் விலை கடுப்பேற்றும்.

நிரப்பும் முன் ஒவ்வொரு ஓட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். வாயில் விரிசல், மடிப்பு நடுவில் ஊசித் துளை, தொப்பிக்கு மேலே கருகல், ப்ரைமர் தளர்வாக உட்காருவது, இதில் ஒன்று இருந்தாலும் குப்பைக்கு. உள்ளே கூழாங்கல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 8: அளவு அட்டவணையைத் தேர்ந்தெடுப்பது

ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற பவுடர் நிறுவனங்கள் சோதனைக் கூடத்தில் அழுத்தம் அளந்து அட்டவணை வெளியிடுகின்றன. இன்ன ஓடு, இன்ன ப்ரைமர், இன்ன பவுடர் இத்தனை கிரெயின், இன்ன வாட், இவ்வளவு ரவை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அப்படியே பின்பற்ற வேண்டும். ரைஃபிள் தோட்டா நிரப்பியவர்கள் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் பழக்கத்தில் வருவார்கள். ஷாட்கனில் அந்தப் பழக்கம் வேண்டாம். ப்ரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் கணிசமாக மாறலாம். 12 கேஜுக்கு அமெரிக்கத் தொழில்துறை வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. ரைஃபிளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதனால் தவறுக்கு இடமும் குறைவு. இரும்பு ரவையை ஈய அட்டவணையில் போடவே கூடாது.

முதலில் அட்டவணை, அப்புறம் கடை. ஐந்து பொருளும் ஒரே வரியில் பொருந்தும்படி வாங்குங்கள். தள்ளுபடியில் கிடைத்த வாட்டை வாங்கிவிட்டு அதற்கு அட்டவணை தேடுகிறவர்கள் வீட்டில் ஒன்றுக்கும் உதவாத நான்கு வகை வாட் கிடக்கும்.

படி 9: நிரப்புவது

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா இருக்கட்டும். டிவி, பேச்சு வேண்டாம். பவுடரை அதன் சொந்த டப்பாவைவிட்டு வேறு எதிலும் சேமிக்காதீர்கள்.

பிரஸின் முதல் நிலையத்தில் ஓட்டின் தொப்பி பழைய அளவுக்கு இறுக்கப்படும், சுட்ட ப்ரைமர் கீழே விழும். அடுத்ததில் புது ப்ரைமர் அழுந்தும். தொப்பியோடு சமமாக உட்கார வேண்டும், துருத்தினால் ஆபத்து. மூன்றாவதில், பவுடரையும் ரவையையும் அளந்து விடும் சார்ஜ் பாரைத் தள்ளினால் பவுடர் விழும். பிறகு வாட்டை உள்ளே அழுத்த வேண்டும். பாரை மறுபக்கம் தள்ளினால் ரவை விழும். அடுத்து வாய் லேசாக மடியும், கடைசி நிலையத்தில் இறுதி மடிப்பு விழுந்து மூடிக்கொள்ளும்.

பவுடர் அளவைத் தீர்மானிப்பது பாரில் இருக்கும் புஷிங் என்ற சிறு வளையம். அதன் எண்ணுக்கு எத்தனை கிரெயின் என்று பிரஸ் நிறுவனம் பட்டியல் தரும். அந்தப் பட்டியலை நம்பித் தொடங்காதீர்கள். உண்மையில் விழுவது பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், கைப்பிடியை ஆட்டும் வேகத்துக்கும் மாறும். பத்து முறை தள்ளிப் பத்தையும் தராசில் நிறுத்து, அட்டவணை எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அமர்வு தொடங்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு நான்கைந்து பெட்டிக்கும் ஒருமுறை.

மடிப்பு தட்டையாக, நடுவில் துளை இல்லாமல், விளிம்புக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். நடுவில் குழி விழுந்தால் உள்ளே பொருள் போதவில்லை, மேடாக நின்றால் அதிகம். இரண்டுக்கும் பெரும்பாலும் ஓட்டுக்குப் பொருந்தாத வாட்தான் காரணம்.

சுடும்போது "டமார்" என்ற இடத்தில் "புஸ்" என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பவுடர் குறைந்து வாட் குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைத் திறந்து குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. பல கேஜ் நிரப்புகிறவருக்கு இன்னொரு எச்சரிக்கை: 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நின்றுகொள்ளும். 20 கேஜ் ஓடு மஞ்சளாக இருப்பதே அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஒரே பையில் இரண்டையும் போடவே கூடாது.

ஈயத்தைக் கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மேசையில் டீ, முறுக்கு கிடையாது. குழந்தைகள் தவழும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

வீட்டில் எவ்வளவு வைக்கலாம்?

அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகளின்படி வீட்டில் 20 பவுண்டு வரை பவுடரை அதன் சொந்த டப்பாக்களில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. தீப்பிடித்தால் மூடிய இரும்புப் பெட்டி குண்டாகிவிடும். ப்ரைமர் 10,000 வரை. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் முழுத் தடையே இருக்கலாம். 8 பவுண்டு டப்பா வாங்க இடமில்லாதவருக்கு மேலே சொன்ன மலிவு விலை எதுவும் பொருந்தாது. அவருக்கு ஒற்றைப் பவுண்டு விலைதான் விலை, அந்த விலையில் 12 கேஜ் நிரப்புவது வீண்.

என் கணிப்பு

ஆண்டுக்கு 2000 தோட்டாவுக்குள் 12 கேஜ் சுடுகிறவர்: தள்ளுபடி வரும்போது பத்துப் பெட்டிக் கட்டுகளாகக் கடையில் வாங்கி வையுங்கள். தயாரிப்பு நிறுவனங்கள் சில சமயம் தரும் ரிபேட்டையும் விடாதீர்கள். அது வரும் மாதத்தில் மலிவுத் தோட்டா நம் 30 சென்ட் அடக்க விலைக்குக் கீழேயே இறங்கிவிடும்.

12 கேஜில் உயர்தரம் மட்டுமே சுடுகிறவர், அல்லது தோள் வலிக்காக லேசான தோட்டா தேடுகிறவர்: நிரப்பலாம். கடையில் லேசான தோட்டாவுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், ரவை குறைவாக இருந்தும்.

28, .410 சுடுகிறவர்: யோசிக்க ஒன்றுமில்லை, ஒரு பழைய மெக் பிரஸைத் தேட ஆரம்பியுங்கள். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை, இனிமேல்தான் 28 கேஜ் வாங்கப் போகிறீர்கள் என்றால் பிரஸ் விலையையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கடைத் தோட்டாவை நம்பி 28 கேஜ் வாங்கியவர்களின் துப்பாக்கி பெரும்பாலும் அலமாரியில்தான் நிற்கிறது.